வெறும் நிக்கோடின்தான்

ஜூன் 3, திங்கள்

இதை எழுதச் சொன்னது டாக்டர் ஜெசிந்தா. "கை எப்போ சிகரெட்டைத் தேடுதோ, அப்போ பேனாவை எடுங்க வசுமதி. அந்த நேரத்துல மனசு எப்படி இருக்குன்னு எழுதுங்க. யாருக்கும் காட்ட வேணாம், எனக்கும் காட்ட வேணாம்" என்றார். மனநல மருத்துவர். சிறுநீரகம் தானம் கொடுக்கிறவர்களை அவர் ஒருமுறை பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது அந்த மருத்துவமனையின் வழக்கம்.

நான் கொடுக்கப்போவது என் தம்பி கிரிதரனுக்கு. அவனுக்கு இரண்டும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவன் மனைவி தேன்மொழிக்கு இரத்த வகை சேரவில்லை, எனக்குச் சேர்ந்தது. ஆகஸ்ட் கடைசியில் அறுவை சிகிச்சை என்று உத்தேசம். இறந்தவர்களிடமிருந்து உறுப்பு கிடைப்பதற்கான காத்திருப்புப் பட்டியலிலும் அவன் பெயர் சில வருடங்களாக இருக்கிறது. அதை வீட்டில் யாரும் நம்பிக்கொண்டிருக்கவில்லை.

கொடுப்பவர் புகைபிடிக்கக் கூடாது. நான் பிடிக்கிறேன். தம்பி வீட்டுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்று டாக்டரும் ஒத்துக்கொண்டார்.

ஒரு காகிதத்தில் மூளையை வரைந்து காட்டினார். "ஒரு இழுப்பு இழுத்தா சில செகண்டுல நிக்கோடின் மூளைக்குப் போயிடும். அங்க அது உக்காரதுக்குன்னே ரிசெப்டர்கள்னு இடங்கள் இருக்கு. போய் உக்காந்ததும் டோபமின் சுரக்கும், ஒரு நிம்மதி வரும். வருஷக்கணக்கா போடப்போட மூளை அந்த ரிசெப்டர்களைப் பெருக்கிக்கிட்டே போகும். நீங்க நிறுத்தினா எல்லாம் காலியா நின்னு கத்தும். எரிச்சல் வரும், அழுகை வரும், எதுலயும் மனசு ஒட்டாது. அது நீங்க இல்ல, அந்தக் கத்தல். புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. நாளையிலிருந்து.

ஜூன் 4, செவ்வாய்

விட்டாயிற்று. காலை பதினொரு மணி வரை.

மாலை: மீண்டும் விட்டாயிற்று. மீதியிருந்த பாக்கெட்டைத் தண்ணீரில் முக்கிக் குப்பையில் போட்டேன்.

ஜூன் 6, வியாழன்

கை நடுங்குகிறது. காரணம் காபியாம். சிகரெட் பிடிக்கிறவர்களின் உடம்பு காபியைச் சீக்கிரம் கரைத்துவிடுமாம். நிறுத்திவிட்டால் அதே காபி இரண்டு மடங்காக வேலை செய்யுமாம். போனில் டாக்டர் சொன்னார். பாதியாகக் குறைத்தேன். வாழ்க்கையில் இருந்த இன்னொன்றும் பாதி.

வேலையில் ஒரு சிக்கல். ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பெண்கள் பேசும் பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் போடுவது என் வேலை. வீட்டில் உட்கார்ந்தபடியே, காலையிலிருந்து மாலைவரை ஹெட்போன். வணக்கம் சொன்னாளா, பெயர் சொல்லி அழைத்தாளா, கடைசியில் "வேறு ஏதாவது உதவி வேண்டுமா" என்று கேட்டாளா. இன்று ஒரு பெரியவர், மெக்கானிக் வரும் தேதியெல்லாம் முடிவான பிறகு, "வேற ஒண்ணுமில்லம்மா. நீ சாப்ட்டியா?" என்று கேட்டார். அந்தப் பெண் "அழைத்தமைக்கு நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டாள். விதிப்படி முழு மதிப்பெண். நான் மரியாதைக்குப் பூஜ்யம் போட்டேன். மேலாளர் கூப்பிட்டு என்ன காரணம் என்று கேட்டார். திருத்திக் கொடுத்தேன்.

எரிச்சல். நிக்கோடின்.

தேன்மொழி தினமும் போன் செய்கிறாள். "அண்ணி, சாப்ட்டீங்களா? கீரை எடுத்துக்கறீங்களா? தண்ணி நிறைய குடிங்க." கொஞ்சம் அதிகம்தான். பெரும்பாலும் ஏழு மணிக்கு வரும். அந்த நேரத்தில் குக்கர் வைப்பதில்லை, விசில் சத்தத்தில் கேட்காது.

ஜூன் 9, ஞாயிறு

கீழே அந்தோணி அண்ணன் கடையில் பால் வாங்கப் போனேன். அவர் பழக்கத்தில் சிகரெட் பாக்கெட்டையும் எடுத்து வைத்தார். வேண்டாம் என்றேன்.

"சார் ஊருக்குப் போயிருக்காரா?"

இங்கே எழுதிவிடுகிறேன். எனக்குக் கணவர் கிடையாது. ஆதம்பாக்கத்துக்குக் குடிவந்த புதிதில் முதல் பாக்கெட் கேட்டபோது அவர் ஒரு மாதிரி பார்த்தார். "வீட்டுக்காரருக்கு" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஒருவர் என்னோடு குடியிருக்கிறார். ஷிப்ட் வேலை, பகலெல்லாம் தூங்குவார், வெளியே அதிகம் வரமாட்டார். மழைக்காலத்தில் ஒருமுறை அவருக்குக் காய்ச்சல்கூட வந்தது. அந்தோணி அண்ணன் சுக்கு கொடுத்தனுப்பினார்.

"இல்லண்ணா. விட்டுட்டார்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா? ரொம்ப நல்லது. கஷ்டம்மா அது. கோவம் வரும், நீங்கதான் பொறுத்துப் போகணும். நான் விட்டப்ப என் சம்சாரத்த அழ வச்சிருக்கேன்." ஒரு கடலை மிட்டாய் பாக்கெட்டை நீட்டினார். "வாய் தேடும்போது குடுங்க சாருக்கு."

மாடிப்படியிலேயே தின்று தீர்த்தேன்.

ஜூன் 13, வியாழன்

லிஃப்டில் எதிர்வீட்டுக் குழந்தை என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டது. அதன் அம்மா "விடு, ஆன்ட்டிய விடு" என்று விரல்களைப் பிரித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி அழுதேன். அழ அதில் என்ன இருக்கிறது? காலியான ரிசெப்டர்கள். டாக்டர் சரியாகத்தான் சொன்னார். இது நான் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

அம்பத்தூர். தம்பி வீட்டில் மதியச் சாப்பாடு.

தேன்மொழி எனக்கு மட்டும் தனியாக மீன் வறுத்திருந்தாள். ஃபேனுக்கு நேரே இருக்கும் நாற்காலி எனக்கு. அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "இவங்கதான் எங்க அண்ணி" என்றாள். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூச்சமாக இருந்தது. இவ்வளவு தேவையில்லை.

சாப்பிட்டபின் கிரி என்னை ஹாலில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினான். முகம் கறுத்து ஊதியிருக்கிறது. கையில் டயாலிசிஸ் ஊசி போடும் இடத்தில் நரம்பு கயிறுபோல் புடைத்து நிற்கிறது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? நீ ஏன் குடுக்கற?"

"ஏன்னா? சேருது, குடுக்கறேன்."

"நாம வருஷத்துல ரெண்டு தடவ பாத்துக்கறோம். பொங்கலுக்கு ஒண்ணு, அம்மா திதிக்கு ஒண்ணு. சண்டையும் இல்ல, ஒண்ணுமில்ல, அப்படியே போயிடுச்சு. திடீர்னு கிட்னிய எடுத்துக்கன்னு சொன்னா எனக்கு எப்படி இருக்கும்?"

"எப்படி இருக்கு?"

"பயமா இருக்கு. பதிலுக்கு நான் என்ன செய்யணும்னு தெரியல."

"ஒண்ணும் செய்ய வேணாம்டா."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஃபேனைப் பார்த்தேன். எனக்கு எதுவும் வேண்டாம் என்பதுதான் உண்மை.

வரும்போது ரசப்பொடி, ஊறுகாய், ஒரு டப்பா நிறைய மீன். தேன்மொழி பேருந்து நிறுத்தம்வரை வந்து ஏற்றிவிட்டாள். கையசைத்தாள். பேருந்து திரும்பும்வரை நின்றாள்.

இன்று முழுக்க சிகரெட் நினைவே வரவில்லை. பேருந்தை விட்டு இறங்கியதும் வந்தது.

ஜூன் 22, சனி

பிடித்துவிட்டேன்.

மாலையெல்லாம் புழுக்கம். ஏழு மணி ஆனது, எட்டு ஆனது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வெக்கைதான் காரணம். பழைய கைப்பையைத் துழாவினேன், அடியில் ஒன்று வளைந்து கிடந்தது. பால்கனியில் நின்று பற்றவைத்தேன்.

பொய் எழுதக் கூடாது. அற்புதமாக இருந்தது. முதலில் தலை சுற்றியது. பிறகு தோள் இரண்டும் இறங்கின. எதிர்வீட்டு மொட்டைமாடித் துணிகளுக்கு நிறம் திரும்பியது. யாரோ பின்னால் வந்து நின்று, சரி சரி என்று முதுகைத் தட்டுவதுபோல் இருந்தது. மூன்று வாரமாக இல்லாத நான் திரும்பி வந்து பால்கனியில் நின்றேன்.

பாதியில் போன் அடித்தது. தேன்மொழி. "சாரி அண்ணி, போன்ல சார்ஜே இல்ல. சாப்ட்டீங்களா?" புகையை வாய்க்குள் வைத்துக்கொண்டு ம் என்றேன்.

ஜூன் 25, செவ்வாய்

டாக்டரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இருக்கும். பசிச்சவனுக்குச் சோறு நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்தப் பசிய உண்டாக்கினதே இதுதான், இல்லயா? அது குடுத்தது சந்தோஷம் இல்ல. அது எடுத்துக்கிட்டுப் போனதைக் கொஞ்ச நேரம் திருப்பிக் குடுத்துச்சு."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "முதல்ல எப்படிப் பழகினீங்க?"

பெருங்குடியில் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்தபோது. இடைவேளையில் நாலைந்து பேர் பின்படிக்கட்டுக்குப் போவோம். யாராவது ஒருவரிடம்தான் லைட்டர் இருக்கும். அதைக் கேட்கிற சாக்கில் பேச்சு தொடங்கும். யார் வீட்டில் என்ன, யாருக்கு யாரைப் பிடிக்கும், எல்லாம் அந்தப் படிக்கட்டில்தான். பிறகு ஒவ்வொருவராக வேலை மாறிப் போனார்கள். நான் சிகரெட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"அப்போ சிகரெட் உங்களுக்கு என்னவா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல டாக்டர். பழக்கம்தான்."

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. "சரி. மறுபடி இன்னிக்கே ஆரம்பிங்க. ஒரு மாசம், அதிகம் போனா ரெண்டு மாசத்துல ரிசெப்டர்கள் பழையபடி குறைஞ்சிடும். மனசு தெளியும். பிடிச்சிட்டு இருந்த காலத்தைவிடவே நல்லா இருக்கும், நிறைய பேருக்கு அப்படித்தான். தெளியலன்னா அது நிக்கோடின் இல்ல. அப்போ நீங்க என்கிட்ட வரணும்."

அதற்கு அவசியம் வராது.

ஜூலை 7, ஞாயிறு

வாசனை திரும்பிவிட்டது. அது எவ்வளவு சங்கடம் என்று யாரும் சொல்லவில்லை. என் வீடு முழுக்க பழைய சாம்பல் நாற்றம். திரைச்சீலை, தலையணை உறை, சோபா உறை எல்லாவற்றையும் துவைத்தேன். பாதி நாள் வேலை. கோவைக்காய் பொரியலுக்கு இவ்வளவு மணம் உண்டா?

கிரியும் இப்போது போன் செய்கிறான். டயாலிசிஸ் படுக்கையிலிருந்து. பேச ஒன்றும் இருக்காது, பக்கத்துப் படுக்கைக்காரர் குறட்டை விடுவதைப் போனை நீட்டிக் கேட்கவைத்தான்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. தெருமுனை அம்மன் கோவிலில் ஒலிபெருக்கி. ஹெட்போனுக்குள் வாடிக்கையாளர் குரலே கேட்கவில்லை. கோபம் வரவில்லை என்பதைக் கவனித்தேன். கூழ் வாங்கிக் குடித்தேன்.

அந்தோணி அண்ணன்: "சார் எப்படி இருக்காரு?"

"ரொம்ப நல்லா இருக்கார்."

ஜூலை 19, வெள்ளி

மருத்துவமனையில் அனுமதிக் குழுவின் நேர்காணல். நீள மேசைக்குப் பின்னால் நான்கு பேர். நான், கிரி, தேன்மொழி. எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார்கள்.

"உங்களை யாராவது வற்புறுத்தினாங்களாம்மா?"

"இல்ல சார்."

"ஏன் குடுக்கறீங்க?"

"தம்பி சார்."

அது போதுமானதாக இருந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் தாளைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "நீங்க தனியா இருக்கீங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் உங்களை யார் பாத்துப்பாங்க?"

அதை நான் யோசித்ததே இல்லை. தேன்மொழிதான் முந்திக்கொண்டாள். "எங்க வீட்லயே வச்சுக்கறோம் சார். மூணு மாசம் எங்கயும் விடமாட்டோம். உள் ரூம அண்ணிக்கின்னு ஒழிச்சாச்சு."

திரும்பும் வழியில் தி.நகரில் இறங்கி இரண்டு நைட்டி வாங்கினேன், முன்பக்கம் பட்டன் வைத்தவை. தையல் இருக்கும்போது தலைவழியாகப் போட முடியாது. வீட்டுக்குள் போட ஒரு ரப்பர் செருப்பு. அவர்கள் வீட்டுத் தரை சில்லென்று இருக்கும்.

ஜூலை 28, ஞாயிறு

உள் அறைக்குக் கிழக்கே ஜன்னல். கட்டிலை அங்கே போடட்டுமா, இங்கே போடட்டுமா என்று தேன்மொழி வீடியோவில் காட்டிக் கேட்டாள். எங்கே வேண்டுமானாலும் போடு என்றேன். பிறகு கூப்பிட்டு, ஜன்னலோரம் என்றேன்.

டாக்டர் ஜெசிந்தாவின் பேச்சு பலித்துவிட்டது. மனது தெளிவாக இருக்கிறது. சிறுநீர்ச் சோதனையிலும் நிக்கோடின் இல்லை என்று வந்துவிட்டது. விட்டது இவ்வளவு சுலபமாக இருந்திருக்கக் கூடாது என்றுகூடத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

காலையில் தேன்மொழி. குரல் உடைந்து, அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "அண்ணி, கிடைச்சிருச்சு. லிஸ்ட்ல இவர் பேர் வந்திருச்சு. விடியக்காலைல போன் பண்ணாங்க. யாரோ ஆக்ஸிடென்ட்ல... பாவம், சின்ன வயசாம். இப்ப உள்ள கூட்டிட்டுப் போறாங்க."

கடவுளே என்றேன்.

"உங்களுக்கு இனிமே கஷ்டமே இல்ல அண்ணி. உங்க உடம்பு உங்களுக்கே. சாமி உங்களைக் காப்பாத்திட்டாரு."

மிகவும் மகிழ்ச்சி. ஆட்டோ பிடித்துப் போனேன். அறுவை சிகிச்சைப் பிரிவு வராந்தாவில் தேன்மொழியின் அண்ணன், அக்கா, சித்தப்பா, அலுவலகத்து ஆட்கள் என்று நிறையப் பேர். அவள் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பிறகு யாரோ கூப்பிட்டார்கள். நான் தண்ணீர் கேன் பக்கமாக நின்றேன். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று மதியம் வந்து சொன்னார்கள். சிறுநீரகம் உடனே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதாம்.

கிளம்புகிறேன் என்று யாரிடம் சொல்வது என்று பார்த்தேன். அவள் போனில் இருந்தாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கிரி நன்றாக இருக்கிறான். வாட்ஸ்அப்பில் தகவல்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

போன் இல்லை. அவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

வேலையில் சுணக்கம். ஒரே பதிவை மூன்று தடவை கேட்டேன், என்ன பேசினார்கள் என்று மனதில் பதியவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பல் தேய்க்கவில்லை. மாலையில்தான் நினைவு வந்தது. இட்லி மாவு புளித்துப் பொங்கி மேசையெல்லாம் வழிந்திருந்தது. துடைக்க வேண்டும்.

ரிசெப்டர்கள் இன்னும் அடங்கவில்லை போலிருக்கிறது. ஆளுக்கு ஆள் மாறும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். சொன்னார் என்றுதான் நினைவு.

ஆகஸ்ட் 22, வியாழன்

கிரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உள் அறையில் அவனைத் தனியாக வைத்திருக்கிறார்களாம், தொற்று வரக் கூடாது. ஜன்னலோரம் கட்டில் வசதியாக இருக்கிறது என்று தேன்மொழி எழுதியிருந்தாள். "நல்ல யோசனை அண்ணி", கூடவே இரண்டு கைகூப்பு எமோஜி.

நைட்டிகளை பீரோவின் மேல்தட்டில் வைத்தேன்.

ஆகஸ்ட் 24, சனி

இனி பிடிக்காமல் இருக்க ஒரு காரணமும் இல்லை என்று மதியம் சாப்பிடும்போது தோன்றியது. உடம்பு என்னுடையது, தேன்மொழியே சொன்னாள்.

அந்தோணி அண்ணன் கடையில் கூட்டம் இல்லை. பாக்கெட் என்றதும் அவர் கை அலமாரிக்குப் போகாமல் நின்றது.

"சார் மறுபடி ஆரம்பிச்சிட்டாரா?"

"ஆமாண்ணா."

"என்னாச்சு? நல்லாத்தானே போயிட்டு இருந்துச்சு?"

"தெரியலண்ணா. எதுவும் சொல்லமாட்டேங்கறார். சும்மா உக்காந்திருக்கார். குளிக்கறதில்ல, சரியா சாப்பிடறதில்ல. கூப்பிட்டா திரும்பறதில்ல."

சொல்லச் சொல்ல எனக்கு நிறுத்த முடியவில்லை. அவர் கல்லாவிலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டார்.

"அது சிகரெட் இல்லம்மா. வேற ஏதோ மனசுல கிடக்கு. நீங்க சாரை ஒரு தடவ கீழ கூட்டிட்டு வாங்க, நான் பேசறேன். இல்லன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. தனியா விடாதீங்க."

சரி என்றேன். பாக்கெட்டையும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

பால்கனியில் பற்றவைத்தேன். போன தடவை மாதிரி தோள் இறங்கும் என்று காத்திருந்தேன். கருகிய துணியை வாயில் வைத்ததுபோல் இருந்தது. தலை சுற்றியது, அவ்வளவுதான். இன்னொரு இழுப்பு. எதிர்வீட்டு மாடித் துணிகள் அப்படியே இருந்தன. யாரும் பின்னால் வந்து நிற்கவில்லை. இதயம் மட்டும் வேகமாக அடித்துக்கொண்டது, அதுவும் எதற்கென்று தெரியாமல்.

மூளை சிகரெட்டைக் கேட்கவே இல்லை. கேட்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. அப்படியென்றால் இத்தனை நாளும் எனக்குள் கத்திக்கொண்டிருந்தது எது?

மீதியைச் சாக்கடையில் போட்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

டாக்டர் ஜெசிந்தாவுக்கு என்னைப் பார்க்க இனி எந்தக் கடமையும் இல்லை, நான் தானம் கொடுப்பவள் அல்ல. வரலாமா என்று கேட்டேன். இன்றே வாங்க என்றார்.

உட்கார்ந்ததும், "நிக்கோடின் இல்ல டாக்டர்" என்றேன். அவர் மின்விசிறியைக் குறைத்துவிட்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தம்பிக்குக் கிடைச்சதும் சந்தோஷப்பட்டேன். நிஜமாவே. அவன் பொழைச்சிட்டான். ஆனா எனக்கு அந்த மூணு மாசம் வேணும் டாக்டர். அந்த ரூம்ல இருக்கணும். காலைல யாராவது எழுப்பணும். அதுக்குத்தான் குடுக்கறேன்னு சொன்னேனோ என்னவோ. இப்படி ஒருத்தி இருப்பாளா?"

"நிறைய பேர் இருக்காங்க. தம்பி பொழைக்கணும்னும் நினைச்சீங்க, உங்களுக்கு ஒரு வீடு வேணும்னும் நினைச்சீங்க. ரெண்டும் ஒரே மனசுல இருக்கலாம். அதுல ஒண்ணும் குத்தமில்ல."

"அப்போ ஜூன்லேருந்து எனக்கு இருந்தது என்ன?"

"முதல் கொஞ்ச நாள் நிக்கோடின்தான். ஆனா அதுக்கு முன்னாடியே உங்ககிட்ட ஒரு சோர்வு இருந்திருக்கு. வருஷக்கணக்கா. சிகரெட் அதை மூடி வச்சிருந்துச்சு. அப்புறம் தேன்மொழியோட போன் மூடி வச்சிருந்துச்சு. இப்போ ரெண்டும் இல்ல." தூக்கம், பசி, சாவைப் பற்றி நினைப்பு வருகிறதா என்றெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். "இது மனச்சோர்வு. இதுக்கு மருந்து இருக்கு, வேலை செய்யக் கொஞ்ச வாரம் ஆகும். நடுவுல விட்டுடக் கூடாது. வாரம் ஒரு தடவ வந்து பேசணும். ஆனா மாத்திரை உங்களுக்குப் போன் பண்ணாது வசுமதி. அதை நீங்கதான் பண்ணணும்."

"என்னன்னு சொல்லிப் பண்றது?"

"உங்களுக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லி."

செப்டம்பர் 5, வியாழன்

மாத்திரையால் வாய் உலர்கிறது. குளித்தேன். மேசையைத் துடைத்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

போன் செய்தேன். மாலை ஆறு மணிக்கு. என்ன பேசுவது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது.

"தேன்மொழி, எனக்கு நாலு நாள் உங்க வீட்ல வந்து இருக்கணும்போல இருக்கு. உடம்புக்கு ஒண்ணுமில்ல. தனியா இருக்க முடியல."

நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

"அண்ணி," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "மூணு மாசத்துக்கு வெளி ஆள் யாரும் உள்ள வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. என் அம்மாவையே விடல. நான் என்ன பண்ணுவேன்?"

"ஐயோ, பரவால்லம்மா. சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கல நீங்க" என்றாள். பிறகு, "நான் பாட்டுக்கு உங்களை விட்டுட்டேன். ஆபீஸ், இவரு, மாத்திரைன்னு ஓடிட்டே இருந்துட்டேன்" என்றாள்.

கொஞ்சம் கழித்து கிரி கூப்பிட்டான். "அக்கா, தேனு சொல்லுச்சு. இங்க மொட்டைமாடிக்கு வெளிப்பக்கமா ஒரு இரும்புப் படி இருக்கு. வீட்டுக்குள்ள வராம நேரா மேல வந்துடலாம். ஞாயித்துக்கிழம காலைல வா. மாஸ்க் போட்டுக்க. நான் தள்ளி உக்காந்துக்கறேன்."

"உனக்கு எதுக்குடா வம்பு?"

"வா. நானும் காலைலேருந்து செவுத்தத்தான் பாத்துட்டிருக்கேன்."

செப்டம்பர் 15, ஞாயிறு

இரும்புப் படி செங்குத்தாக இருந்தது. மேலே போனதும் மூச்சு வாங்கவில்லை.

மாடியின் இந்தக் கோடியில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்தக் கோடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையுமாகக் கிரி. ஊதல் வடிந்து முகம் பழைய அளவுக்கு வந்திருக்கிறது. நடுவில் கிரிக்கெட் ஆடலாம், அவ்வளவு இடம்.

"எப்படி இருக்க?" என்றேன்.

"என்ன?"

"எப்படி இருக்கன்னு கேட்டேன்."

"சத்தமாப் பேசுக்கா. மாஸ்க்ல ஒண்ணும் கேக்கல."

நாள் முழுக்க எத்தனையோ குரல்களைக் கேட்கிறேன். என் குரலை உயர்த்திப் பேசி எவ்வளவு காலமாகிறது என்று தெரியவில்லை. அவன் காத்திருந்தான். கீழே தேன்மொழி தோசை வார்க்கும் சத்தம் மட்டும் வந்தது.

"நீ அன்னிக்குக் கேட்டல்ல, ஏன் குடுக்கறேன்னு."

"ஆமா."

சொன்னேன். அவன் காதருகே கையைக் குவித்து, கேட்கவில்லை என்று தலையாட்டினான். மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்குத் தனியா இருக்குடா. ரொம்ப நாளா."

பக்கத்து மாடியில் புடவை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அன்று என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள். நான் பார்வையை விலக்கவில்லை. கிரி மாஸ்க்குக்கு மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கும்தான்க்கா" என்று கத்தினான். "அந்த ரூம்ல படுத்துக்கிட்டு, செத்துப்போன அந்தப் பையன் யாருன்னு யோசிச்சிட்டே இருக்கேன். யார்கிட்டயும் சொல்ல முடியல. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க."

"என்கிட்ட சொல்லு."

அவன் சொன்னான். உரக்கத்தான் சொன்னான், வேறு வழியில்லை. தேன்மொழி தோசைத் தட்டைப் படியின் மேல்விளிம்பில் வைத்துவிட்டு, அங்கேயே ஒரு படியில் உட்கார்ந்து கேட்டாள்.

வெயில் ஏறியதும் அவனை உள்ளே போகச் சொன்னேன். அடுத்த ஞாயிறும் வர வேண்டுமாம். என் பக்கம் நிழலே இல்லை, குடை கொண்டுவரச் சொன்னான்.